விதை எண்ணெயில் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கும் நொதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் லிபேஸ் நொதியோடு மல்லுக்கட்டியவன் எழுதும் பக்கம் இது. மாணவர்கள் கேட்டவை, எண்ணெய் ஆலை வைத்திருப்பவர்கள் கேட்டவை, மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உறவினர்கள் கேட்டவை எல்லாம் இதில் கலந்திருக்கின்றன.

எண்ணெயிலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தை மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்?

எந்த விதை எண்ணெயிலும் கொழுப்பு அமிலங்கள் தனித்தனியாக மிதப்பதில்லை. கிளிசரால் என்னும் சிறு சட்டத்தில் மும்மூன்றாக மாட்டப்பட்டிருக்கின்றன. அதற்குத்தான் ட்ரைகிளிசரைடு என்று பெயர். ஒரே மூலக்கூறில் நமக்கு வேண்டிய அமிலம் ஒன்றும் வேண்டாதவை இரண்டும் இருப்பது சாதாரணம்.

காமா லினோலெனிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். இனி இதைக் காமா அமிலம் என்றே சொல்கிறேன். விதை எண்ணெய்களில் இது அபூர்வம். ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெயில் 8 முதல் 10 சதவீதம், போரேஜ் எண்ணெயில் 20 முதல் 25 சதவீதம் இருக்கிறது. இரண்டும் குளிர்நாட்டுச் செடிகள். ஆராய்ச்சிக்கோ மருந்துக்கோ 70 சதவீதம், 90 சதவீதம் வேண்டும் என்றால் மற்ற அமிலங்களைக் கழித்தாக வேண்டும். இந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கழித்தலைப் பற்றியது.

லிபேஸ் என்பது என்ன? நம் வீட்டில் பார்க்க முடியுமா?

பார்த்திருக்கிறீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்த கொப்பரையைக் கடித்தால் சோப்பு போல ஒரு சுவை நாக்கில் ஒட்டுமே, அது பூஞ்சையின் லிபேஸ் செய்த வேலை. கிளிசராலிலிருந்து லாரிக் அமிலத்தைக் கழற்றி விட்டிருக்கிறது. பச்சரிசித் தவிடு ஒரே நாளில் காறத் தொடங்குவதும் இதனால்தான். நெல்லைத் தீட்டும்போது, அதுவரை தனித்தனியே இருந்த எண்ணெயும் லிபேஸும் ஒன்றாகிவிடுகின்றன. புழுங்கலரிசித் தவிடு தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி செத்துவிடுவதுதான். தவிட்டெண்ணெய் ஆலைக்காரருக்கு லிபேஸ் எதிரி. எனக்கு அதே லிபேஸ்தான் கூலியாள்.

வேதியியலாகச் சொன்னால், கிளிசராலுக்கும் கொழுப்பு அமிலத்துக்கும் இடையிலுள்ள எஸ்டர் பிணைப்பை நீரைக் கொண்டு வெட்டுவது அதன் தொழில். நீர் குறைவாக இருந்தால் அதே நொதி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்து எஸ்டர் ஆக்கும். இந்த இருமுகத்தைப் பின்னால் பயன்படுத்தப்போகிறோம்.

லிபேஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில்தான் சுறுசுறுப்பாகிறது. 1958-இல் சார்தாவும் டெஸ்னுயெலும் இதை அளந்து காட்டினார்கள். காரணம் தெரிய 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படிக அமைப்பைப் பார்த்தபோது, நொதியின் வேலை நடக்கும் குழியின் மேல் ஒரு மூடி இருந்தது. எண்ணெயின் பரப்பைத் தொட்டதும் அந்த மூடி விலகுகிறது. ஆகவே எண்ணெயை நன்றாகக் கலக்கி எவ்வளவு பொடித்துளிகளாக ஆக்குகிறீர்களோ, அவ்வளவு வேகம்.

நமக்கு வேண்டிய அமிலத்தை நொதி எப்படி அடையாளம் கண்டு எடுக்கிறது?

எடுப்பதில்லை. முதலில் வருகிற எல்லா மாணவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நொதி நமக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்காது. வேண்டாதவற்றை எல்லாம் முதலில் வெட்டித் தள்ளிவிட்டு, நமக்கு வேண்டியதைத் தொடத் தயங்கி விட்டுவைக்கும். சாப்பாட்டில் கறிவேப்பிலையை இலையோரம் ஒதுக்கும் பிள்ளையைப் போலத்தான். அந்தக் கறிவேப்பிலைதான் நமக்கு வேண்டியது.

ஏன் தயங்குகிறது என்பதற்கு நம் சமையலறையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: கொத்தமல்லி விதை. அதன் மணத்துக்குக் காரணமான வாசனை எண்ணெயை நான் சொல்லவில்லை. விதைக்குள் இருக்கும் கொழுப்பு எண்ணெயைச் சொல்கிறேன். அதில் பெரும்பங்கு பெட்ரோசெலினிக் அமிலம். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இருக்கும். அதோடு கொஞ்சம் ஒலெயிக் அமிலமும் உண்டு, கடலை எண்ணெயில் நிறைய இருக்கும் அதே அமிலம். இரண்டிலும் 18 கார்பன், 34 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். எடை ஒன்றே. இரட்டைப் பிணைப்பும் ஆளுக்கு ஒன்றுதான். ஒலெயிக்கில் அது 9-ஆம் கார்பனில் தொடங்குகிறது, பெட்ரோசெலினிக்கில் 6-ஆம் கார்பனில் தொடங்குகிறது. வேறு வித்தியாசமே இல்லை.

வாலை வடித்தலில் இவை இரண்டும் ஒன்றாகவே ஆவியாகும். ஆனால் லிபேஸுக்கு இந்தச் சிறு வித்தியாசம் பெரிது. வெட்டும் இடம் அமிலத்தின் தலைப்பக்கத்தில், அதாவது அது கிளிசராலோடு மாட்டியிருக்கும் முனையில், இருக்கிறது. கார்பன்களையும் அங்கிருந்துதான் எண்ணுகிறோம். அதற்குப் பக்கத்திலேயே, 6-ஆம் கார்பனில், சங்கிலி வளைந்து நின்றால் குழிக்குள் சரியாக உட்காருவதில்லை. 9-இல் வளைந்தால் தொல்லை இல்லை. காமா அமிலத்தின் முதல் இரட்டைப் பிணைப்பும் 6-இல்தான் இருக்கிறது. கேண்டிடா ருகோசா என்னும் ஈஸ்ட்டின் லிபேஸும், பழைய ரொட்டியில் படரும் கறுப்புப் பூஞ்சையின் உறவான ரைசோபஸ் இனங்களின் லிபேஸும் இந்தத் தயக்கத்துக்குப் பேர்போனவை.

அப்படியானால் ஆளி விதை எண்ணெயில் ஒமேகா-3-ஐச் செறிவாக்கலாமே?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகம். பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை: இந்த வழியில் லாபமில்லை.

ஒமேகா-3 என்று நாம் சொல்வது வாலிலிருந்து எண்ணிய எண்ணிக்கை. நொதி தலையிலிருந்து எண்ணுகிறது. ஆளி விதையின் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்புகள் 9, 12, 15-இல் இருக்கின்றன. தலையிலிருந்து பார்த்தால் ஒலெயிக் அமிலத்தைப் போலவேதான் தெரியும். நொதி இரண்டையும் ஒன்றுபோல வெட்டிவிடும். நல்லெண்ணெயில் லினோலெயிக்கையும் ஒலெயிக்கையும் பிரிக்க நினைத்தாலும் இதே கதைதான். மீன் எண்ணெயின் கதை வேறு. அங்குள்ள இபிஏ, டிஎச்ஏ என்னும் ஒமேகா-3 அமிலங்கள் இரண்டிலும் முதல் இரட்டைப் பிணைப்பு 5-இலும் 4-இலும் இருப்பதால் நொதி அவற்றை விட்டுவைக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் அமிலத்தின் படத்தைத் தாளில் வரைந்து, தலைப்பக்கத்திலிருந்து விரலால் எண்ணிப் பாருங்கள். ஆறு மாத உழைப்பு மிச்சமாகும்.

கடுகெண்ணெய்க்கு?

அங்கே பிரச்சினை வளைவல்ல, நீளம். எரூசிக் அமிலத்துக்கு 22 கார்பன். 18 கார்பன் அமிலங்களை விரைவாக வெட்டும் சில லிபேஸ்கள் இதைக் கண்டு பின்வாங்கும். இதிலிருந்து செய்யும் எரூக்கமைடுதான் பாலித்தீன் பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிப் பிரிய உதவுகிறது. கடையில் பையை எச்சில் தொட்டுப் பிரிக்கும்போது, அந்தப் பையில் அது போதவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போரேஜ் எண்ணெயில் வேலை எப்படி நடக்கிறது?

நேர்வழி ஒன்று உண்டு. எண்ணெய், நீர், கேண்டிடா ருகோசா லிபேஸ் மூன்றையும் 35 டிகிரி செல்சியஸில் கலக்கிவிட வேண்டும். வெட்டுப்பட்ட அமிலங்களை நீக்கினால், கிளிசராலோடு ஒட்டி மிச்சமிருக்கும் பகுதியில் காமா அமிலம் கூடியிருக்கும். ஆனால் 22-இல் தொடங்கினால் 45 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். விடுபட்ட அமிலங்கள் எண்ணெய்-நீர் எல்லையில் சேரச்சேர நொதி களைத்துப்போகிறது. மேலும் நெருக்கினால் காமா அமிலத்தையும் வெட்டத் தொடங்கிவிடுகிறது.

ஒசாகா நகராட்சித் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில் யூஜி ஷிமாடாவின் குழு 1990-களில் இதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டது. முதலில் வேறுபாடு பார்க்காத லிபேஸ் ஒன்றைக் கொண்டு எல்லா அமிலங்களையும் கிளிசராலிலிருந்து கழற்றிவிடுவது. பிறகு அந்தக் கலவையோடு லாரைல் ஆல்கஹாலை (12 கார்பன் கொண்ட நீண்ட ஆல்கஹால்) சேர்த்து, ரைசோபஸ் லிபேஸை எதிர்த்திசையில் ஓட்டுவது. மற்ற அமிலங்கள் ஆல்கஹாலோடு சேர்ந்து எஸ்டராகிவிடும், காமா அமிலம் மட்டும் தனி அமிலமாகவே நிற்கும். இதை இரண்டு முறை செய்து 90 சதவீதத்தைத் தாண்டினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் எண்ணெயைப் பிளந்தால் ஏறத்தாழ 95 கிராம் அமிலம் வரும். அதில் 21 கிராம் காமா அமிலம், 74 கிராம் மற்றவை. ஒரு சுற்றில் மற்றவற்றில் பத்தில் ஒன்பது பங்கு எஸ்டராகிறது என்றும், காமா அமிலத்தில் பத்தில் ஒரு பங்கு நழுவுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மிஞ்சும் அமிலத்தில் காமா 18.9 கிராம், மற்றவை 7.4 கிராம். அதாவது 72 சதவீதம். அதே திறமையோடு இரண்டாம் சுற்றும் நடந்தால் 17 கிராமும் 0.7 கிராமும் நிற்கும், 96 சதவீதம். உண்மையில் இரண்டாம் சுற்று அவ்வளவு அழகாக நடக்காது, ஆனாலும் வழி புரியும். தொடக்கத்தில் 21 கிராம் இருந்தது, கையில் 17. அந்த 4 கிராம்தான் தூய்மைக்குக் கொடுத்த விலை.

ஏன் லாரைல் ஆல்கஹால்? எத்தனால் மலிவாயிற்றே.

அடுத்த படியை நினைத்துத்தான். நொதி வேலையை முடித்த பிறகு எஸ்டரையும் அமிலத்தையும் பிரித்தாக வேண்டும். அமிலத்தின் மூலக்கூறு எடை 280-ஐ ஒட்டி இருக்கும். எத்தில் எஸ்டரின் எடை 308-ஐ ஒட்டி. வெற்றிடத்தில் வடித்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே வரும். லாரைல் எஸ்டருக்கு 450-ஐ ஒட்டி எடை, மிஞ்சிய லாரைல் ஆல்கஹாலுக்கு 186. மூன்றும் தள்ளித்தள்ளி நிற்பதால் முதலில் ஆல்கஹால், பிறகு அமிலம் என்று வடித்தெடுத்துவிடலாம், எஸ்டர் அடியில் தங்கிவிடும். நொதியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பிரிப்பை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆய்வகத்தில் பாதி நாள் இதில்தான் போகும்.

எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?

அமில மதிப்பைப் பார்த்து. பீக்கரிலிருந்து ஒரு கிராம் எடுத்து, ஆல்கஹாலில் கரைத்து, இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன் விட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இளஞ்சிவப்பு வந்து, குலுக்கியும் அரை நிமிடம் நின்றால் முடிந்தது. அந்த ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு செலவானதோ, அதுதான் அமில மதிப்பு. 18 கார்பன் அமிலங்கள் கொண்ட எண்ணெய் முழுதாகப் பிளந்தால் இந்த மதிப்பு 200-ஐ ஒட்டி வரும். 100 என்றால் பாதி பிளந்திருக்கிறது. கேஸ் குரோமட்டோகிராஃபி பிறகு எந்த அமிலம் எவ்வளவு என்று சொல்லும். ஆனால் நொதி ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் இருப்பது ப்யூரெட்தான்.

ஒரு மாணவி கொத்தமல்லி எண்ணெயில் செய்துகொண்டிருந்தார். 20 கிராம் எண்ணெய், 250 மில்லி குடுவை. அமில மதிப்பு 60-ஐ எட்டியதும் நிறுத்துவது என்று திட்டம். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கலக்கியை அணைக்காமல் போய்விட்டார். காலையில் மதிப்பு 170. மிஞ்சிய கிளிசரைடைப் பிரித்து கேஸ் குரோமட்டோகிராஃபியில் ஏற்றினால், வரைபடத்தில் பெட்ரோசெலினிக் ஒற்றைக் கோபுரம் மாதிரி நின்றது; பக்கத்தில் ஒலெயிக் ஒரு சிறு மேடு. "ஐயா, இவ்வளவு தூய்மையா இதுவரைக்கும் வந்ததே இல்லை!" என்று ஓடிவந்தார். எடை போடச் சொன்னேன். 3 கிராம். எண்ணெயில் முதலில் இருந்ததோ 14 கிராம். மீதி 11 கிராமும் ஒலெயிக்கோடு கலந்து, வெட்டுப்பட்ட அமிலங்களின் பக்கம் போய்விட்டது.

தயங்குகிற நொதியும் ராத்திரி முழுவதும் விட்டால் வெட்டத்தான் செய்யும். தூய்மை எண்ணை மட்டும் சொல்லி, எவ்வளவு மீட்டார்கள் என்று சொல்லாத எந்த அறிக்கையையும் நான் அன்றிலிருந்து நம்புவதில்லை.

கலவை பாலாகிவிட்டது, பிரியவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அரபிக் கோந்து சேர்த்தீர்களா? நொதியின் வேகத்தை அளக்கும் சோதனைக்கு அது நல்லது, பிரித்தெடுக்கும் வேலைக்கு வில்லங்கம். பிரிபுனலில் மூன்று நாள் வைத்தும் மோர் போலவே நின்ற கலவையை நானே கொட்டியிருக்கிறேன். கோந்தை விட்டுவிட்டுக் கலக்கியின் வேகத்தை நம்புங்கள். ஏற்கெனவே பாலாகியிருந்தால் உப்பு சேர்த்து மையவிலக்கியில் சுழற்றிப் பாருங்கள்.

நீராவியில் பிளப்பதும் யூரியா முறையும் இருக்கும்போது நொதி எதற்கு?

ஆலைகளில் கொழுப்பைப் பிளப்பது 250 டிகிரி செல்சியஸ், 50 பார் அழுத்தத்தில். சோப்புக்கும் ஸ்டியரிக் அமிலத்துக்கும் அது போதும், மலிவும் கூட. மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ள காமா அமிலத்தை அங்கே அனுப்பினால் உருமாறியும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டும் வெளியே வரும். 35 டிகிரியில் நைட்ரஜன் போர்வைக்குள் நொதி மெதுவாகச் செய்வதுதான் அதற்குப் பாதுகாப்பு.

யூரியா முறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1940-இல் ஜெர்மனியில் பெங்கன் கண்டது. யூரியா படிகமாகும்போது அறுகோணக் குழாய்களைக் கட்டுகிறது. நேரான சங்கிலிகள் அதற்குள் நுழைந்துவிடும், பல இடங்களில் வளைந்தவை வெளியே கரைசலிலேயே நிற்கும். ஆளி விதைக்கு முன்னர் இல்லை என்றேனே, அதற்கு இது நல்ல வழி. எத்தனாலும் யூரியாவும் சேர்ந்து சூடாகும்போது எத்தில் கார்பமேட் சிறிதளவு உருவாகக்கூடும் என்பதுதான் உணவுப் பொருளில் இதன் சங்கடம். நடைமுறையில் நொதி, யூரியா, வடித்தல் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்கிறார்கள்.

ஆமணக்கு விதையிலேயே லிபேஸ் இருக்கிறதாமே?

இருக்கிறது. முளைக்கும் ஆமணக்கு விதையில் கொழுப்பைப் பிளக்கும் நொதி உண்டென்று 1890-இல் ஜே. ஆர். கிரீன் காட்டினார். 1902-இல் ஜெர்மனியில் கான்ஸ்டைன், ஹோயர், வார்டன்பெர்க் மூவரும் அரைத்த ஆமணக்கு விதையை எண்ணெயோடு கலந்து, கொஞ்சம் அமிலம் சேர்த்துக் கொழுப்பைப் பிளக்கும் முறையை வெளியிட்டார்கள். அமிலம் எதற்கென்றால், இந்த லிபேஸ் காரகாடித்தன்மை (pH) 4.5-ஐ ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யும். ஈஸ்ட்டும் பூஞ்சையும் தொழிலுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே ஒரு விதை இந்த வேலையைச் செய்திருக்கிறது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

ஆனால் கிராமத்தில் ஆமணக்கு கிடைக்கிறதே என்று நீங்கள் அரைத்துச் செய்ய வேண்டாம். விதையில் ரிசின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. விளக்கெண்ணெய்க்குள் அது வருவதில்லை, பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. விதையை முழுதாக அரைத்தால் அது உங்கள் கையிலும் மூச்சிலும்தான்.

இந்த நொதிகள் சைவமா?

மேலே சொன்னவை ஈஸ்ட், பூஞ்சை, விதையிலிருந்து வருபவை. பன்றிக் கணையத்தின் லிபேஸும் ஆய்வகங்களில் உண்டு. சந்தேகம் இருந்தால் புட்டியின் மேலுள்ள மூலப்பெயரைப் படித்துவிடுங்கள்.

ஒருமுறை பயன்படுத்திய நொதியைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பொடியாகக் கரைத்தது நீரோடு போய்விடும். சிறு பிசின் மணிகளில் ஒட்டவைத்துக் கிடைப்பவை உண்டு. வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம். நோவோசைம் 435 இப்படிப்பட்டதுதான். ஆனால் பெயரைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள்: அது பொதுவாக எல்லா அமிலத்தையும் பிடிக்கும் உழைப்பாளி. எல்லாவற்றையும் கழற்றும் முதல் படிக்குப் பொருந்தும், ஒதுக்கிவைக்கும் இரண்டாம் படிக்கு அல்ல.

காமா அமில மாத்திரை தோல் அரிப்புக்கு நல்லதா?

நான் மருத்துவன் அல்ல, ஆனாலும் உறவினர்கள் விடுவதில்லை. நம் உடலே லினோலெயிக் அமிலத்திலிருந்து காமா அமிலத்தைச் செய்துகொள்கிறது. சிலருக்கு அந்தப் படி மந்தமாக இருக்கலாம், வெளியிலிருந்து கொடுத்தால் எக்ஸிமா குறையும் என்ற எண்ணத்தில்தான் இந்த எண்ணெய்கள் பிரபலமாயின. பிரிட்டனில் ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மருந்தாகவே உரிமம் பெற்றிருந்தது. பலனுக்குப் போதிய சான்று இல்லை என்று 2002-இல் அந்த உரிமத்தைத் திரும்பப் பெற்றார்கள். நடந்த சோதனைகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்து 2013-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், எக்ஸிமாவுக்கு வாய்வழி கொடுக்கும் ஈவ்னிங் பிரிம்ரோஸ், போரேஜ் எண்ணெய்கள் வெற்று மாத்திரையைவிட மேலானவை அல்ல என்றே முடிவு சொன்னது. 20 சதவீதத்தை 90 ஆக்குவது எங்களால் முடியும். 90 சதவீதமாக்கினால் நோய் தீருமா என்பது வேறு கேள்வி. போரேஜ் செடியில் ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் இருப்பதால், சுத்திகரித்து அவை இல்லை என்று சோதித்த எண்ணெயைத் தவிர வேறு எதையும் வாங்கக் கூடாது.

பிரித்தெடுத்த பிறகு மற்ற அமிலங்களை என்ன செய்கிறார்கள்?

100 கிராம் போரேஜ் எண்ணெயில் 17 கிராமை எடுத்துக்கொண்டால், மீதியைக் கொட்டிவிட முடியாதே. லாரைல் எஸ்டராக மாறியதைத் திரும்பப் பிளந்தால் ஆல்கஹால் அடுத்த சுற்றுக்குக் கிடைக்கும். ஒலெயிக்கும் லினோலெயிக்கும் சோப்புக்குப் போகலாம். கொத்தமல்லியில் கதை தலைகீழ். அங்கே ஒதுக்கிவைத்ததுதான் பெரும்பங்கு. பெட்ரோசெலினிக்கை அதன் 6-ஆம் கார்பனில் ஆக்சிஜனேற்றி உடைத்தால் ஒரு பக்கம் 12 கார்பன் லாரிக் அமிலமும் மறுபக்கம் 6 கார்பன் அடிபிக் அமிலமும் வரும். லாரிக் சோப்புக்கு, அடிபிக் நைலானுக்கு. எங்கள் ஆய்வகத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. மாணவியின் அந்த 3 கிராம் இன்னும் குளிர்பெட்டியில் ஒரு சிறு புட்டியில் இருக்கிறது, வெள்ளையாக உறைந்து, மேலே தேதி ஒட்டி.